தோலுக்கு ஒரு டியூப், மூச்சுக்கு ஒரு பஃப்



வீசிங்குக்குத் தினமும் இன்ஹேலர் எடுக்கும் ஒருவர் படர்தாமரைக்கு க்ரீம் தடவலாமா? இரண்டு மருந்தும் உடம்புக்குள் மோதிக்கொள்ளுமா?

மழை மாதங்களில் நம் வீடுகளில் எழும் கேள்விதான் இது. கொடியில் காயாத துணி, பூசணம் பூத்த சுவர், இடுப்பில் அரிப்பு, ராத்திரியில் இழுப்பு. திருவனந்தபுரத்திலும் நாகர்கோவில் பக்கத்திலும் ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கி ஐப்பசித் துலாமழை ஓயும்வரை இதே கதைதான். தோலில் பூஞ்சையை வளர்க்கும் ஈரமே ஆஸ்துமாக்காரரின் மூச்சையும் இறுக்குகிறது. அதனால் ஒரே வீட்டில், பல நேரம் ஒரே ஆளிடம், க்ரீம் டியூபும் பஃபும் சேர்ந்தே இருக்கின்றன.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூஞ்சைக்கான மருந்து மட்டும் உள்ள க்ரீமாக இருந்து, அதைத் தோலில் சிறிய இடத்தில் தடவினால், இன்ஹேலரோடு அது மோதும் வாய்ப்பு மிகக் குறைவு. க்ளோட்ரிமசோல், கீட்டோகோனசோல், லூலிகோனசோல், டெர்பினஃபின் என்று டியூபில் எந்தப் பெயர் இருந்தாலும், தோல் வழியாக ரத்தத்துக்குள் போவது சொற்பம்தான். க்ரீமுக்குப் பயந்து பஃபை நிறுத்தவே கூடாது. அரிப்பு ஒரு வாரம் பொறுக்கும். மூச்சு பொறுக்காது.

இவ்வளவுதான் விஷயம் என்றால் இந்தப் பக்கத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் க்ரீம் என்று கேட்டு வாங்கும்போது நம் கைக்கு என்ன வருகிறது? அந்த க்ரீம் பலிக்கவில்லை என்றால் அடுத்து என்ன வருகிறது? அதைப் பற்றித்தான் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

திருவனந்தபுரத்தின் தம்பானூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ரயில் நிலையம், எதிரே கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ் நிலையம். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் பகுதி. எல்லை மாறியும் உடம்புக்கு முடியவில்லை என்றால் திருவனந்தபுரம் போகும் பழக்கம் மாறவில்லை. மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி., ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரிகள் என்று காலையில் வந்து இறங்குகிறவர்கள் சாயங்காலம் திரும்ப நிற்பதும் தம்பானூரில்தான்.

நாகர்கோவில் பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது. பக்கத்தில் மெடிக்கல் ஷாப். ‘சேட்டா, தொடையில ஒரே சொறி, நல்ல க்ரீம் ஒண்ணு தாங்க.’ டியூப் வருகிறது, காசு போகிறது, பஸ்ஸும் வந்துவிடுகிறது. பையில் இன்ஹேலர் இருப்பதைக் கடைக்காரர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நெஞ்சுக்குப் பார்ப்பவர் ஒரு டாக்டர், தோலுக்குப் பார்ப்பவர் இன்னொருவர். ஒரு சீட்டு கேரளத்தில் எழுதியது, இன்னொன்று தமிழ்நாட்டில். மூன்றாவது மருந்துக்குச் சீட்டே கிடையாது. இவை எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவர் யார்? வாங்கிப் போகிற நம்மைத் தவிர வேறு யாருமே இல்லை.

அந்த டியூபைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது கண்ணில் பட்டால், அது வெறும் பூஞ்சை க்ரீம் இல்லை. ஸ்டீராய்டு கலந்தது. பூஞ்சை மருந்து, ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் என்று நாலைந்தை ஒரே டியூபில் போட்டுக் குழைத்த க்ரீம்கள் நம் நாட்டில் வருஷக்கணக்காக விற்றிருக்கின்றன.

தடவிய இரண்டாம் நாளே அரிப்பு நின்றுவிடும், சிவப்பும் மங்கும். ‘ஆஹா, என்ன மருந்து!’ என்று பக்கத்து வீட்டுக்கும் சொல்வோம். உண்மையில் ஸ்டீராய்டு அமுக்குவது பூஞ்சையை அல்ல, அதை எதிர்க்கும் நம் உடம்பின் சண்டையை. சண்டை நின்றதும் பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது. க்ரீமை நிறுத்தினால் வட்டம் முன்பைவிடப் பெரிதாகத் திரும்பி வருகிறது. அதனால் திரும்பவும் அதே டியூப். கவட்டிலும் அக்குளிலும் தோல் மெலிந்து, கோடு கோடாக வெடித்த தழும்பு நிரந்தரமாகத் தங்கிவிடுகிறது.

இந்தியத் தோல் மருத்துவர்களின் சங்கமான ஐ.ஏ.டி.வி.எல்., ஸ்டீராய்டு க்ரீம் துஷ்பிரயோகத்துக்கு எதிராகத் தனியே ஒரு குழுவையே அமைத்துப் போராடியது. 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 ஸ்டீராய்டுகளின் க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. அந்தப் பட்டியலில் இப்படிப்பட்ட கலவை க்ரீம்களும் இருந்தன. சட்டம் தாளில் இருக்கிறது. கவுன்டரில் இருக்கிறதா என்பது உங்களுக்கே தெரியும்.

இன்ஹேலருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? ஆஸ்துமாவுக்குத் தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலரிலும் இருப்பது ஸ்டீராய்டுதான். பயப்பட வேண்டாம். அது மிகச் சிறிய அளவு, நேரே நுரையீரலுக்குப் போவது, லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றி வருவது. ஆனால் மூச்சுக்கு ஒரு ஸ்டீராய்டு, மூக்கடைப்புக்கு ஸ்ப்ரேயில் ஒரு ஸ்டீராய்டு, தொடையில் நாள்கணக்கில் தடவும் க்ளோபெட்டசால் என்று மூன்றும் சேர்ந்தால் கணக்கு ஏறுகிறது. கவட்டு போன்ற மெல்லிய, வேர்த்து மூடியிருக்கும் இடங்களில் க்ரீம் உள்ளே இறங்குவதும் அதிகம். குழந்தைகளுக்கு இன்னும் கூடுதல்.

இதைவிடவும் நான் கவலைப்படுவது க்ரீமுக்கு அடுத்த படியைப் பற்றி.

கடந்த பத்துப் பன்னிரண்டு வருஷங்களாக இந்தியாவில் படர்தாமரை பழைய படர்தாமரையாக இல்லை. முன்பெல்லாம் இரண்டு வாரம் களிம்பு போட்டால் போய்விடும். இப்போது மாதக்கணக்கில் போவதில்லை, வீட்டில் எல்லோருக்கும் தொற்றுகிறது. இதற்குப் பின்னால் இருக்கும் பூஞ்சை வகைக்கு 2020-ல் விஞ்ஞானிகள் வைத்த பெயர் ட்ரைக்கோஃபைட்டன் இண்டோட்டினியே. பெயரிலேயே இந்தியா இருக்கிறது, பெருமைப்பட அதில் ஒன்றும் இல்லை. டெர்பினஃபின் என்ற பழைய நல்ல மருந்துக்கு இது பல இடங்களில் மசிவதில்லை. ஸ்டீராய்டு க்ரீம்களை இஷ்டம்போல் தடவியதற்கு இந்த நிலைமையில் பெரிய பங்கு உண்டு என்று தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார்கள்.

ஆகவே இப்போது டாக்டர்கள் அதிகம் எழுதுவது இட்ராகோனசோல் காப்ஸ்யூல். வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில். நல்ல மருந்துதான், தேவைப்படுபவர்களுக்கு வேறு வழியும் அதிகம் இல்லை. ஆனால் இன்ஹேலரோடு உண்மையிலேயே மோதும் பூஞ்சை மருந்து எது என்று கேட்டால், முதல் பெயர் இதுதான்.

எப்படி மோதுகிறது? நாம் இழுக்கும் பஃப் முழுவதும் நுரையீரலுக்குப் போவதில்லை. ஒரு நல்ல பங்கு வாயிலும் தொண்டையிலும் தங்கி, எச்சிலோடு வயிற்றுக்குள் இறங்குகிறது. நுரையீரலுக்குப் போன பங்கும் மெல்ல ரத்தத்தில்தான் கலக்கிறது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள சிப் 3ஏ4 என்ற நொதி இந்த ஸ்டீராய்டை உடைத்துக் கழித்துவிடுகிறது. இன்ஹேலர் ஸ்டீராய்டுகளில் ஒன்றான புடிசோனைடை விழுங்கினால் சுமார் 10 சதவீதம்தான் ரத்தத்துக்கு மிஞ்சும். இன்னொன்றான ஃப்ளூட்டிகசோனில் 1 சதவீதம்கூட மிஞ்சாது. பஃப் இவ்வளவு பாதுகாப்பாக இருப்பதற்கு இந்த நொதியின் வேலை முக்கியமான காரணம். இட்ராகோனசோல் அந்த நொதியையே முடக்கிப் போடுகிறது.

தம்பானூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடை அடைத்துக்கொண்டால் அரைமணி நேர மழைக்கே பஸ் நிலையத்தின் முன்னால் முழங்கால் தண்ணீர். மழை கூடவில்லை, வடிகால்தான் அடைந்தது. பஃப் அளவும் அப்படித்தான். நீங்கள் ஒன்றும் கூட்டி எடுக்கவில்லை, ஆனாலும் உடம்பில் ஸ்டீராய்டு தேங்குகிறது.

எவ்வளவு தேங்கும்? பின்லாந்தில் ஆரோக்கியமான சிலருக்கு 5 நாள் இட்ராகோனசோல் கொடுத்து, பிறகு புடிசோனைடு இன்ஹேலர் கொடுத்துப் பார்த்தார்கள். 2002-ல் வெளிவந்த அந்த ஆய்வில் ரத்தத்தில் புடிசோனைடு சராசரியாக 4.2 மடங்கு ஏறியிருந்தது. அதே ஆண்டு டென்மார்க்கிலிருந்து இன்னொரு ஆய்வு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நுரையீரல் நோய் உள்ள, இட்ராகோனசோலும் புடிசோனைடும் சேர்த்து எடுத்து வந்த 25 பேரில் 11 பேருக்கு அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பி சோம்பிப்போகும். பிறகு தேவைப்படும் நேரத்தில், ஒரு காய்ச்சலிலோ ஆபரேஷனிலோ, அது கைகொடுக்காது.

வீட்டில் இது எப்படித் தெரியும்? முகம் உருண்டு வரும். வயிறு மட்டும் போடும், கைகால் மெலியும். லேசாக இடித்தாலே ரத்தம் கட்டும். கட்டுக்குள் இருந்த சர்க்கரையும் பிரஷரும் காரணம் தெரியாமல் ஏறும். ‘ஆளு நல்லா சதை போட்டுட்டாரே, மூச்சு சரியாயிட்டுது போல’ என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். எதிர்ப்பக்கம் போனால், அதாவது அட்ரீனல் சோம்பிவிட்டால், தீராத அசதி, எழுந்து நின்றால் தலைசுற்றல், குமட்டல், எடை குறைவு. இதெல்லாம் வயசானால் வருவதுதானே என்று நாம் தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது.

சால்மெட்டரால் என்ற மூச்சுக்குழல் விரிப்பு மருந்து கலந்த இன்ஹேலராக இருந்தால் இன்னொரு கவனமும் தேவை. அதுவும் இதே நொதி வழியாகத்தான் கழிகிறது. அளவு ஏறினால் நெஞ்சு படபடக்கும், துடிப்பு தாறுமாறாகலாம். இதயம் பலவீனமாகி, காலில் நீர் கோத்து நிற்பவர்களுக்குத் நகப் பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கொடுக்கக்கூடாது என்று அமெரிக்க எஃப்.டி.ஏ. 2001-லேயே எச்சரித்திருக்கிறது. பீடி, விறகடுப்புப் புகையால் நுரையீரல் கெட்ட நம் பெரியவர்கள் பலருக்கு இதயமும் கூடவே தளர்ந்திருக்கும். இப்படிப்பட்டவருக்கு ‘போன தடவை எனக்குக் கேட்டுது, நீங்களும் போடுங்க’ என்று ஒரு ஸ்ட்ரிப்பை நீட்டுவது எவ்வளவு பெரிய விஷயம், பாருங்கள்.

மாற்று இல்லாமல் இல்லை. டெர்பினஃபின் மாத்திரை இந்த நொதியை அடைப்பதில்லை, அது கேட்கும் நோயாளிக்கு அதையே தரலாம். இன்ஹேலரில் பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு சிப் 3ஏ4-ஐ அவ்வளவாக நம்பியிருப்பதில்லை, டாக்டர் நினைத்தால் கொஞ்ச காலத்துக்கு மாற்றிக் கொடுக்கலாம். அவசரத்துக்கு அடிக்கும் சால்பியூட்டமாலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. ஆனால் இதையெல்லாம் யோசிக்க வேண்டிய டாக்டருக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் பஃப் எடுப்பவர் என்று தெரிய வேண்டுமே?

அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். மருந்து என்றாலே மாத்திரை என்று பழகிவிட்டதால் ‘வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?’ என்று தோல் டாக்டர் கேட்டாலும் பிரஷர் மாத்திரையைச் சொல்வோம், பஃப் நினைவுக்கு வராது. சிலர் வேண்டுமென்றே மறைப்பதும் உண்டு. கல்யாணம் ஆக வேண்டிய பிள்ளை வீட்டில் இருந்தால் இன்ஹேலர் அலமாரியின் பின்பக்கம் போய்விடுகிறது. இந்தியாவில் 3 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஆஸ்துமா இருக்கிறது. இவ்வளவு பேருக்கு இருப்பதில் மறைக்க என்ன இருக்கிறது?

இன்னொரு கூட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை மூச்சுக்குழலிலேயே குடியேறி ஒவ்வாமையைக் கிளப்பும். ஏ.பி.பி.ஏ. என்பார்கள். சண்டிகரின் பி.ஜி.ஐ. மருத்துவமனை இதைப் பற்றி உலகமே எடுத்தாளும் ஆய்வுகளைச் செய்திருக்கிறது. அந்த நோய்க்கு இட்ராகோனசோலும் ஒரு சிகிச்சை, மாதக்கணக்கில் தருவார்கள், கூடவே இன்ஹேலரும் இருக்கும். நெஞ்சு டாக்டர் தெரிந்தே, கண்காணித்துக்கொண்டே தருவது அது. அந்த நோயாளிகள் இந்தப் பக்கத்தைப் படித்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம். கூட்டு தவறில்லை. யாருக்கும் தெரியாமல் கூடுவதுதான் தவறு.

வாய்க்கு வருவோம். ஸ்டீராய்டு பஃப் எடுத்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்பாவிட்டால் நாக்கிலும் அண்ணத்திலும் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படியலாம். அதற்கு க்ளோட்ரிமசோல் பெயின்ட்டோ மைக்கோனசோல் ஜெல்லோ தருவார்கள். வாயில் போடும் ஜெல் கொஞ்சமாவது உள்ளே போகும்தானே? மைக்கோனசோல் அப்படிப் போனால், ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வார்ஃபரின், அசிட்ரோம் போன்ற மாத்திரைகளின் வேகத்தைக் கூட்டி, ரத்தக்கசிவுவரை கொண்டுபோய்விடும்.

இதை நம் ஊரில் சொல்லக் காரணம் உண்டு. ஸ்ரீசித்ராவில் உருவான இதய வால்வை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தியது 1990 டிசம்பரில். அதிலிருந்து இன்றுவரை குறைந்த செலவில் அந்த வால்வைப் பெற்று நன்றாக வாழும் குடும்பங்கள் கன்னியாகுமரியிலும் திருநெல்வேலியிலும் எத்தனையோ. இது போன்ற இயந்திர வால்வு வைத்தவர்களுக்கு, ரத்தம் உறையாமல் காக்கும் அந்த மாத்திரை ஆயுள் முழுக்க. அவர்களில் பஃப் எடுப்பவர்களும் உண்டு, வாய்ப்புண்ணுக்கு ஜெல் வாங்குபவர்களும் உண்டு. அவர்கள் மைக்கோனசோல் என்ற பெயரைக் கண்டால், க்ரீமாக இருந்தாலும் ஜெல்லாக இருந்தாலும், டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பஃபுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில் கொப்பளித்துத் துப்புவதும், இன்ஹேலரில் மாட்டும் ஸ்பேசர் குழாய் வைத்து எடுப்பதும் இந்தத் தொல்லையின் பெரும்பகுதியை வரவிடாமலே செய்யும். விழுங்கும் ஸ்டீராய்டும் குறையும்.

கேரளம் ஒரு விஷயத்தில் வழி காட்டியிருக்கிறது. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்க 2024-ல் ‘ஆபரேஷன் அம்ரித்’ என்று கடைகடையாகச் சோதனை போட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கை நீலக் கவரில் போட்டுத் தரும் வழக்கமும் வந்தது. அதே கண்டிப்பு ஸ்டீராய்டு க்ரீமுக்கும் இட்ராகோனசோல் ஸ்ட்ரிப்புக்கும் ஏன் வரக்கூடாது? தமிழ்நாடும் சேர்ந்தே செய்யலாம். களியக்காவிளையில் மாநிலம் மாறுகிறது, பூஞ்சைக்கு அது தெரியாது.

அதுவரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். வீட்டில் யார் பஃப் எடுத்தாலும் அந்த இன்ஹேலரின் பெட்டியை, பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து போனில் வையுங்கள். அப்பாவுக்கு ஸ்மார்ட்போன் வராது என்றால் பெட்டி அட்டையைக் கிழித்து அவர் பர்ஸில் வைத்துவிடுங்கள். தோல் டாக்டரிடமும், மெடிக்கல் ஷாப்பிலும், பல் டாக்டரிடமும் அதைக் காட்டினால் போதும், மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேரளத்தில் குடும்ப ஆரோக்கிய மையங்களில் ‘ஸ்வாஸ்’ கிளினிக் நடக்கிறது. பஃப் சரியாக எடுக்கிறோமா என்று அங்கேயே பார்த்துச் சொல்லித் தருவார்கள், எடுக்கும் மற்ற மருந்துகளைப் பற்றியும் கேட்கலாம். அங்கே போகும்போது க்ரீம் டியூபையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இதைப் படிக்கும்போதே சிலருக்குத் திக்கென்று இருக்கும். ‘நான் பஃப் எடுக்கிறேன், போன மாசத்திலிருந்து இட்ராகோனசோலும் போகிறதே!’ என்று. அப்படியென்றால் இரண்டையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாகப் பஃபை. அட்ரீனல் சோம்பியிருக்கும் நேரத்தில் ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இந்த வாரமே இரண்டு டாக்டர்களில் ஒருவரிடம் இரண்டு மருந்தையும் மேசைமேல் வைத்துக் கேளுங்கள். அசதி, தலைசுற்றல், முகவீக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தேவைப்பட்டால் காலையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் அளவு பார்ப்பார்கள். காப்ஸ்யூல் கோர்ஸ் சமீபத்தில் முடிந்தவர்களும் சொல்ல வேண்டும். நிறுத்திய பிறகும் ஒன்றிரண்டு வாரம் அது உடம்பில் தங்கி வேலை செய்துகொண்டுதான் இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்